புற ஊதா விளக்கு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: கிருமி போக போன் வைக்கிற யூவி (புற ஊதா) பெட்டி உண்மையிலேயே வேலை செய்யுமா சார்?

செய்யும், ஒளி நேராக விழும் இடத்தில் மட்டும். நிழல் விழும் இடத்தில் செய்யாது. பாதரச விளக்கிலிருந்து வரும் 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள யூவி-சி (புற ஊதாவில் கிருமியை அழிக்கும் வகை), கிருமியின் டிஎன்ஏவில் அடுத்தடுத்து இருக்கும் தைமின் என்ற மூலக்கூறுகளை ஒட்டவைத்துவிடும். அப்புறம் அது பெருக முடியாது. ஆனால் போன் உறையின் ஓரத்தில் படிந்த பிசுக்குக்கு அடியில் இந்த ஒளி இறங்காது. உறையைக் கழற்றித் துடைத்துவிட்டு வையுங்கள். துடைக்காமல் வைத்தால் வீண்.

கேள்வி: கையில் ஒரு நிமிடம் காட்டலாமா?

கூடாது. சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கேள்வி: அறையில் விளக்கைப் போட்டுவிட்டு நாம் ஓரமாக இருக்கலாமா?

வேண்டவே வேண்டாம். விளக்கு எரியும்போது கண்ணில் எந்த உறுத்தலும் தெரியாது, அதுதான் ஆபத்து. சில மணி நேரம் கழித்து மணல் விழுந்தது போல உறுத்தும், நீர் கொட்டும், வெளிச்சத்தைப் பார்க்க முடியாது. அப்படி ஆனால் இங்கே கேட்டுக்கொண்டிருக்காமல் கண் மருத்துவரிடம் போங்கள். குழந்தை, பூனை, நாய் எதுவும் அறையில் இருக்கக்கூடாது.

கேள்வி: நிழல் நிழல் என்று பயமுறுத்துகிறீர்கள். ஒரு மணி நேரம் எரியவிட்டால் சுவரில் பட்டுத் திரும்பி எல்லா மூலைக்கும் போகாதா?

நல்ல வாதம், ஆனால் வெள்ளைச் சுவர் நம் கண்ணுக்குத்தான் வெள்ளை. சாதாரண வெள்ளைப் பெயிண்டில் இருக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு யூவி-சியின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். அலுமினியம் நன்றாகத் திருப்பி அனுப்பும், நல்ல பெட்டிகளின் உட்புறம் பளபளப்பதற்குக் காரணம் அதுதான்.

கேள்வி: (அதே நண்பர்) அப்படியானால் நேரத்தைக் கூட்டினால் போதுமே?

ஓரளவு சரி, ஒளியின் வலிமையும் நேரமும் சேர்ந்ததுதான் அளவு. ஆனால் விளக்கிலிருந்து விலக விலக வலிமை வேகமாகக் குறையும், மேசைக்கு அடியில் ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது, அதை எத்தனை மணி நேரத்தால் பெருக்குவீர்கள்? இதற்கிடையில் பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் மஞ்சளாகி வெடிக்க ஆரம்பித்துவிடும்.

கேள்வி: ஊதா நிறமாக எரிந்தால் யூவி-சி தானே?

இல்லை. யூவி-சி கண்ணுக்குத் தெரியாது. 395 நானோமீட்டர் எல்இடியும் ஊதாவாகத்தான் எரியும், அது யூவி-சியே இல்லை. அலைநீளம் அச்சிடாத விளக்கை வாங்காதீர்கள்.

கேள்வி: விளக்கு எரிந்ததும் காட்டமாக ஒரு வாடை வருகிறது, சுத்தமானதன் அடையாளமா?

அது ஓசோன். சில விளக்குகள் 185 நானோமீட்டர் ஒளியையும் வெளியிடுவதால் உண்டாகிறது, நுரையீரலுக்குக் கெடுதல். விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள், உடனே உள்ளே போகாதீர்கள்.

கேள்வி: ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் போதாதா?

போதாது. வெயிலின் யூவி-சியை ஓசோன் படலம் மேலேயே தடுத்துவிடுகிறது, மிச்சமுள்ள யூவி-பியில் (புற ஊதாவின் இன்னொரு வகை) பெரும்பகுதியைக் கண்ணாடி நிறுத்திவிடும்.

கேள்வி: குழந்தையின் கையில் இரண்டு நொடி மட்டும்?

மேலே சொல்லிவிட்டேன். இரண்டு நொடியும் கூடாது.