வாய்வரை வந்த வார்த்தை வரவில்லையா? மெனோபாஸ் கால மறதி பற்றி உங்கள் கேள்விகள்

மண்டைக்குள் பஞ்சை அடைத்த மாதிரி இருக்கிறது, ஃப்ரிட்ஜைத் திறந்துவிட்டு எதற்குத் திறந்தோம் என்று நிற்கிறேன், படித்த பக்கத்தையே திரும்பப் படிக்கிறேன். இப்படி நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். நாற்பதுகளின் நடுவில் இருக்கும் பெண்கள்தான் அதிகம். சிலருக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன்.

கணக்கு ஆசிரியை, வயது 48. மாதவிடாய் இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. போன செவ்வாய்க்கிழமை போர்டில் படம் வரைந்துவிட்டேன், ஆனால் "நாற்கரம்" என்ற சொல் வாயில் வரவில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள். அம்மாவுக்கு 74 வயதில் அல்சைமர் வந்தது. எனக்கும் ஆரம்பித்துவிட்டதா டாக்டர்?

அப்படி இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 65 வயதுக்கு முன்னால் அல்சைமர் வருவது அபூர்வம். அம்மாவுக்கு இருந்ததால் வயதான பிறகு உங்களுக்கும் ஆபத்து ஓரளவு கூடும் என்பது உண்மைதான், ஆனால் 48 வயதில் ஒரு வார்த்தை தடுமாறியதற்கு அது காரணம் என்று சொல்ல முடியாது. ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பைக்கு மட்டும் வேலை செய்கிற ஹார்மோன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். மூளையில் நினைவைப் பதிய வைக்கிற ஹிப்போகேம்பஸ் பகுதியிலும் அதற்கு வேலை இருக்கிறது. மாதவிடாய் தள்ளித் தள்ளி வருகிற இந்தச் சில வருடங்களில் அது சீராகக் குறையாமல் ஒரு மாதம் ஏறி, ஒரு மாதம் இறங்கி ஆட்டம் காட்டும். அமெரிக்காவில் 1990களில் தொடங்கி, பெண்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த 'ஸ்வான்' ஆய்வில், இந்த மாறும் காலத்தில் புதிதாகக் கற்கும் திறன் சற்றுத் தேங்கியதையும், மாதவிடாய் முழுதாக நின்ற பிறகு அது மீண்டும் தேறியதையும் பார்த்திருக்கிறார்கள். உங்களுக்குச் சொல்தான் வரவில்லை, நாற்கரம் என்றால் என்னவென்று தெரிந்திருந்தது, படத்தைச் சரியாக வரைந்தீர்கள், எந்தக் கிழமை என்பதுகூட நினைவில் இருக்கிறது. தினம் போகும் வழியே குழம்பினாலோ, வருடக்கணக்கில் வைத்த சாம்பாரின் செய்முறையே மறந்துபோனாலோ, உங்களுக்கே தெரியாத மறதியைப் பார்த்து வீட்டில் மற்றவர்கள் கவலைப்பட ஆரம்பித்தாலோ நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

வயது 46, சைவம். சர்க்கரைக்கு 6 வருடமாக மெட்ஃபார்மின். எல்லாம் மெனோபாஸ்தான் என்று விட்டுவிடலாமா?

விடவே கூடாது. மெட்ஃபார்மின் பல வருடம் எடுத்தால் வைட்டமின் பி12 குறையலாம். சைவம் சாப்பிடுபவர்களுக்கு அது ஏற்கெனவே குறைவாக இருக்கும். பி12 குறைந்தாலும் இதே மறதி, இதே சோர்வுதான். அதோடு தைராய்டு, ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் சேமிப்பாக இருக்கும் இரும்புச்சத்தின் அளவு), மூன்று மாத சர்க்கரை அளவு எல்லாம் பார்த்துவிடுங்கள். இந்த வயதில் உதிரப்போக்கு அதிகமாகி இரும்புச்சத்து வடிந்துபோவது சாதாரணமாக நடக்கிறது. தைராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன்: வெறும் வயிற்றில் போட்டுவிட்டு, காபிக்கு அரை மணி நேரமாவது காத்திருங்கள். கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். அப்புறம், தூக்கம் வரவைக்கும் சளி, அலர்ஜி மாத்திரைகளைத் தினமும் போடுகிறீர்களா என்றும் பாருங்கள், அவையும் மூளையை மந்தமாக்கும்.

வயது 41. கட்டிக்காக கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்து எட்டு மாதம் ஆகிறது. இரவில் நைட்டி நனைந்து எழுந்திருக்கிறேன், எதுவும் தலையில் ஏறவில்லை. ஹார்மோன் மாத்திரை கேன்சர் தரும் என்கிறார்கள்.

உங்கள் கடிதம் மனதைப் பாரமாக்கியது. மற்றவர்களுக்குப் பல வருடத்தில் நடக்கிற மாற்றம் உங்களுக்கு ஒரே நாளில் நடந்திருக்கிறது, அதை ஆபரேஷனுக்கு முன்பே உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும். இந்தக் கேன்சர் பயம் பெரிதாகப் பரவியது 2002இல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்விலிருந்து. அதில் கலந்துகொண்ட பெண்களின் சராசரி வயது 63. மார்பகப் புற்றுநோய் கூடியது ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோன் வகை மருந்தையும் சேர்த்து எடுத்தவர்களிடம், ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களிடம் கூடவில்லை. 45 வயதுக்கு முன் சினைப்பை எடுக்கப்பட்டவர்களுக்கு, இயற்கையாக மாதவிடாய் நிற்கும் வயதுவரை ஹார்மோன் கொடுப்பதுதான் பொதுவான மருத்துவப் பரிந்துரை, எலும்புக்கும் இதயத்துக்கும் அது காவல். மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு, கல்லீரல் நோய் இருந்தவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு. அதனால் பயந்துகொண்டு தள்ளிப்போடாமல் இந்த வாரமே மகப்பேறு மருத்துவரிடம் பேசுங்கள். இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும்: இயற்கையாக மாதவிடாய் நின்றவர்களுக்கு மறதிக்கென்று மட்டும் நான் ஹார்மோன் எழுதுவதில்லை. இரவு வியர்வை நின்று தூக்கம் சரியானால், அந்த வழியில் தலை தெளியும்.

வல்லாரை மாத்திரை போடலாமா?

துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள், நல்ல கீரை. மெனோபாஸ் மறதியைச் சரிசெய்யும் என்று சொல்லத் தகுந்த சான்று இல்லை. மாத்திரையாக மாதக்கணக்கில் வேண்டாம்.

கணக்காளர், 50. ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் 20ஆம் தேதி நெருங்கினாலே பயம். எண்களை மாற்றி எழுதிவிடுகிறேன்.

எண் வேலையைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள், அந்த ஒரு மணி நேரம் போன் வேறு அறையில் இருக்கட்டும். 48,650 என்று எழுதியதும் வாய்விட்டு "நாற்பத்தெட்டு, அறுநூற்று ஐம்பது" என்று ஒருமுறை படித்துச் சரிபாருங்கள், கண் தவறவிட்டதைக் காது பிடிக்கும். 20ஆம் தேதி வேலையை 16ஆம் தேதிக்கு முடிப்பதாக வைத்துக்கொண்டால் சரிபார்க்க நாள் கிடைக்கும். மதியத்துக்குப் பிறகு காபி, டீ வேண்டாம். வாரத்தில் 150 நிமிடம் வேகமான நடையும், இரண்டு நாள் தசைக்கு வேலை தரும் பயிற்சியும் வேண்டும், வீட்டு வேலை செய்கிறேனே என்று இதை விட்டுவிடாதீர்கள்.

என் மனைவிக்கு 49. எல்லாம் மறக்கிறாள், கேட்டால் அழுகிறாள். நான் என்ன செய்வது?

கேட்டதற்கே நன்றி. முதலில் "இதைக்கூட மறந்துட்டியா" என்பதை வீட்டில் எல்லோரும் நிறுத்துங்கள், பிள்ளைகளும் சேர்த்து. கரண்ட் பில், கேஸ் புக்கிங், மாமியாரின் மாத்திரை என்று அவர் தலையில் ஓடிக்கொண்டிருக்கும் பட்டியலில் சிலவற்றை முழுதாக நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், ஞாபகப்படுத்தும் வேலைகூட அவருக்கு இருக்கக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லாமல் அழுதுகொண்டே இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம், அதற்கும் சிகிச்சை இருக்கிறது. டாக்டரிடம் போகும்போது வெளியே பெஞ்சில் உட்காராமல், அவருக்குச் சம்மதம் என்றால் உள்ளே போங்கள். அவர் சொல்ல நினைத்ததை முதல் நாளே கேட்டு ஒரு தாளில் எழுதி எடுத்துப் போனால், அங்கே பாதி மறந்துபோகாது.