பாக்டீரியா: நீங்கள் கேட்டவை, நான் பார்த்தவை

மருத்துவமனை லேபில் 22 வருஷமாக கல்ச்சர் பிளேட், அதாவது பாக்டீரியாவை வளர்க்கும் தட்டு, பார்க்கிறேன். பாக்டீரியா பற்றி எந்தச் சந்தேகமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

அக்கா, பாக்டீரியா, வைரஸ் ரெண்டுமே கிருமிதானே? என்ன வித்தியாசம்?

பாக்டீரியா ஒரு முழு உயிர். ஒரே செல்தான், உட்கருகூடக் கிடையாது. ஆனாலும் தானே உணவு எடுக்கும், வளரும், இரண்டாகப் பிரியும். ஈ.கோலை என்ற பாக்டீரியாவை 500 எண்ணிக்கை வரிசையாகப் படுக்க வைத்தால் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வரும். வைரஸ் அதைவிட மிகச் சிறியது. நம் செல்லுக்குள் புகுந்தால்தான் அதனால் பெருக முடியும்.

பென்சிலின் போன்ற மருந்து பாக்டீரியாவின் செல் சுவரைக் கட்ட விடாமல் உடைக்கிறது. வைரஸுக்குச் சுவரே இல்லை, அப்புறம் எதை உடைப்பது? சாதாரண ஜலதோஷத்துக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது என்பதற்குக் காரணம் இதுதான்.

யூரின் கல்ச்சர் ரிப்போர்ட்டுக்கு ஏன் ரெண்டு மூணு நாள் ஆகிறது? ரத்தப் பரிசோதனை ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறதே?

நாங்கள் காத்திருப்பது மெஷினுக்காக அல்ல, பாக்டீரியா வளர்வதற்காக. நீங்கள் கொடுக்கும் சாம்பிளில் ஒரு சிறு துளியை பிளேட்டில் கோடு கோடாகத் தேய்த்து, உடம்புச் சூடான 37 டிகிரியில் இரவு முழுக்க வைப்போம். நல்ல சூழல் கிடைத்தால் ஈ.கோலை 20 நிமிஷத்துக்கு ஒருமுறை இரண்டாகும். ஒன்று இரண்டு, இரண்டு நான்கு என்று போனால் ஏழு மணி நேரத்தில் 20 லட்சத்தைத் தாண்டும். காலையில் பிளேட்டைத் திறந்தால், முந்தின நாள் கண்ணுக்கே தெரியாத ஒன்று கடுகளவு ரோஸ் நிறப் புள்ளியாக உட்கார்ந்திருக்கும். இத்தனை வருஷம் ஆகியும் அதைப் பார்க்கும்போது எனக்கு வியப்பு அடங்கவில்லை.

அந்தப் புள்ளியை எடுத்து இன்னொரு பிளேட்டில் பரப்பி, மருந்து தோய்த்த சின்னச் சின்ன வில்லைகளை மேலே வைப்போம். மறுநாள், வேலை செய்யும் மருந்தைச் சுற்றி வட்டமாக வெறுமையாக இருக்கும். அந்த வட்டத்தை அளந்துதான் எந்த மருந்து கேட்கும் என்று எழுதுகிறோம்.

ஒரு வேண்டுகோள். முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். ஆன்டிபயாடிக் ஆரம்பிப்பதற்கு முன்னால் கொடுங்கள். வண்டியில் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றிவிட்டுக் கொண்டுவந்தால், சூட்டில் அதற்குள்ளேயே பெருகி ரிப்போர்ட் தப்பாகிவிடும்.

இட்லி மாவு புளிப்பதும் பாக்டீரியாவாலா? கையால் கரைத்தால்தான் பொங்கும் என்று பாட்டி சொல்வாரே?

ஆமாம், பாக்டீரியாதான். லூகோநாஸ்டாக் என்ற வகை உளுந்தோடேயே வந்துவிடுகிறது. அது விடும் வாயுதான் மாவைத் தூக்கிவிடுகிறது, அது சுரக்கும் அமிலம்தான் புளிப்பு. கரண்டியால் கரைத்தாலும் பொங்கும். கையின் இளஞ்சூடு குளிர்காலத்தில் கொஞ்சம் உதவலாம்.

ராத்திரி மீந்த சோற்றைக் காலையில் நன்றாகச் சூடாக்கிச் சாப்பிடலாமா?

சூடாக்கினால் எல்லாம் செத்துவிடும் என்று நினைக்கிறோம். பேசில்லஸ் சீரியஸ் என்று ஒன்று இருக்கிறது. சோறு கொதிக்கும்போதுகூட இதன் வித்துகள், அதாவது கெட்டியான உறைக்குள் உறங்கும் வடிவம், சாகாது. சோறு மணிக்கணக்கில் வெளியே கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. அதனால் மீந்ததைச் சீக்கிரம் ஆறவிட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். பழைய சோற்றின் கதை வேறு. தண்ணீர் ஊற்றியதும் சோறு ஆறுகிறது, அதில் வளரும் லாக்டிக் அமில பாக்டீரியாவின் புளிப்பு மற்றவற்றைக் கட்டுப்படுத்துகிறது.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ரெண்டு நாள் ஆன்டிபயாடிக் போட்டால் எனக்குச் சரியாகிவிடுகிறது. தப்பா?

தப்புதான், கோபமில்லாமல் சொல்கிறேன். பல காய்ச்சல்கள் வைரஸால் வருபவை, இரண்டு மூன்று நாளில் தானே இறங்கும். பெயர் மாத்திரைக்குப் போகிறது. ஆனால் அந்த மாத்திரை உங்கள் குடலில் சும்மா இருக்கும் பாக்டீரியாக்களையும் தாக்கும். எளிதில் சாகக்கூடியவை போய்விடும், மருந்தைத் தாங்குபவை இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதோடு நிற்காது. மருந்தைத் தாங்கும் வித்தை பல நேரம் பிளாஸ்மிட் என்ற சின்ன டி.என்.ஏ. வளையத்தில் எழுதியிருக்கும். ஒரு பாக்டீரியா அதைப் பக்கத்தில் இருப்பதற்குக் கொடுத்துவிடும், வேறு இனமாக இருந்தாலும்கூட.

பென்சிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங் 1945-ல் நோபல் உரையிலேயே இதை எச்சரித்தார். இங்கேயும் 2014 முதல் சில ஆன்டிபயாடிக்குகள் எச்1 என்ற அரசு மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது.

வில்லைகள் வைத்த பிளேட் பற்றிச் சொன்னேன் அல்லவா? சில நாள் காலையில் திறந்தால் ஒரு வில்லையைச் சுற்றிக்கூட வட்டம் இருக்காது. எல்லாவற்றையும் ஒட்டி பாக்டீரியா படர்ந்திருக்கும். வார்டில் இருக்கும் டாக்டருக்கு போன் செய்து அதைச் சொல்லும்போது மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சே இருக்காது.

துருப்பிடித்த ஆணி குத்தினால்தான் டி.டி. ஊசியா?

துருவுக்கும் டெட்டனஸுக்கும் சம்பந்தமில்லை. அதன் வித்துகள் மண்ணிலும் சாணத்திலும் இருக்கும், காற்றுப் புகாத ஆழமான காயத்தில் முளைக்கும். பளபளப்பான ஆணியும் ஆபத்துதான், முள்ளும்தான். காயத்தைக் கழுவிவிட்டு, கடைசி ஊசி எப்போது போட்டீர்கள் என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

அல்சர் காரம் சாப்பிடுவதால் வருவதா?

வயிற்றெரிச்சல் கூடலாம். ஆனால் பெரும்பாலான அல்சருக்குக் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா, இல்லையென்றால் வலி மாத்திரைகள். யாரும் நம்பாததால் ஆஸ்திரேலிய டாக்டர் பாரி மார்ஷல் 1984-ல் அந்த பாக்டீரியாவைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005-ல் நோபல் பரிசு வந்தது.

அப்பாவுக்கு டி.பி. இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிட்டது. ஆறு மாதமும் மாத்திரை வேண்டுமா? தட்டு, டம்ளரைத் தனியாக வைத்திருக்கிறோம்.

கட்டாயம் வேண்டும். டி.பி. பாக்டீரியா ஒருமுறை பிரிய 15 முதல் 20 மணி நேரம் எடுக்கும். சில தூங்குவது போலப் பதுங்கிக் கிடக்கும். மருந்து வேகமாகப் பெருகுபவற்றை முதலில் கொன்றுவிடும், இருமல் நிற்கும். பதுங்கியவற்றை அழிக்கத்தான் மீதி மாதங்கள். நடுவில் நிறுத்தினால் நோய் திரும்பும், பழைய மருந்து கேட்காமலும் போகலாம்.

தட்டைத் தனியாக வைக்க வேண்டியதில்லை. டி.பி. இருமலில் காற்றோடுதான் பரவும். 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆய்வு மையம், வீட்டிலிருந்து மருந்து சாப்பிட்டவர்களையும் சானடோரியம் என்ற டி.பி. மருத்துவமனையில் தங்கியவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தது. வீட்டிலிருந்தவர்களும் அதே அளவு குணமானார்கள், அவர்கள் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகமே அதன்பின் வீட்டுச் சிகிச்சைக்கு மாறியது. அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

அப்பாவோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். அரசு மையத்தில் மருந்து இலவசம். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் அவர்களையும் அங்கே ஒருமுறை காட்டிவிடுங்கள், தடுப்பு மாத்திரை தேவையா என்று பார்த்துச் சொல்வார்கள்.