மைனர் லீக் ஆட்டம் முடிந்தது. கோச் வேலையை ஏற்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 29. கல்லூரியில் மூன்றாம் ஆண்டு முடித்ததும் டிராஃப்டில் (கிளப்புகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை) தேர்வாகி, மேஜர் லீக்குக்குக் கீழ்நிலையான மைனர் லீக் பேஸ்பாலில் கேட்சராக ஆடினார். கடைசியாக, மேஜர் லீக்குக்கு இரண்டு படி கீழுள்ள டபுள்-ஏ அணியில் ஆண்டுக்கு 31,000 டாலர் வாங்கினார். 2025 ஆகஸ்டில் கிளப் அவரை ரிலீஸ் செய்துவிட்டது. இப்போது அதே கிளப், அரிசோனாவில் உள்ள அதன் ரூக்கி அணிக்கு (புதியவர்கள் ஆடும் அடிமட்ட அணி) கோச்சாக வரச் சொல்கிறது. பிப்ரவரி முதல் அக்டோபர் வரை வேலை, சம்பளம் 45,000 டாலர். டிராஃப்ட் ஒப்பந்தத்தில் படிப்புக்கென 40,000 டாலர் எழுதியிருக்கிறார்கள். அதை இன்னும் தொடவில்லை. நண்பர் ஒருவர் உள்ளரங்க பேட்டிங் கேஜ் (மட்டைப் பயிற்சிக்கான வலைக்கூண்டு) தொடங்க 15,000 டாலர் போடச் சொல்கிறார். எங்கள் சேமிப்பு 22,000. டெக்சாஸில் நர்ஸாக வேலை பார்க்கும் எனக்கு 82,000 டாலர் வருகிறது. மருத்துவக் காப்பீடு என் வேலையில் இருக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, டெக்சாஸ்

பதில்: 31,000 எங்கே, 45,000 எங்கே என்று தோன்றும். ஆனால் ஆட்டக்காரராக இருந்தவரை உங்கள் கணவருக்குத் தங்குமிடத்தைக் கிளப்பே பார்த்துக்கொண்டது. குறைந்தபட்சச் சம்பளத்தையும் தங்குமிடத்தையும் உறுதிசெய்யும் 2023-ஆம் ஆண்டின் தொழிற்சங்க ஒப்பந்தம் ஆட்டக்காரர்களுக்கு மட்டும்தான். கோச்சுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. கிளப் எழுதித் தருவதுதான் கிடைக்கும்.

வாடகை மாதம் 1,600 டாலர் என்று வைத்தால், ஒன்பது மாதத்துக்கு 14,400. மீதி 30,600. அதாவது ஆடியபோது வாங்கியதைவிட 400 டாலர் குறைவு! பிப்ரவரி, மார்ச்சில் ஸ்பிரிங் டிரெய்னிங் எனும் சீசனுக்கு முந்தைய பயிற்சிக்காகக் கூட்டம் குவிவதால் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் சுற்றுவட்டாரத்தில் குறுகிய கால வாடகை இன்னும் ஏறும். போதாக்குறைக்கு, டெக்சாஸில் இல்லாத மாநில வருமான வரி அரிசோனாவில் உண்டு. 2.5 சதவீதம் என்ற ஒரே விகிதம்தான். கழிவு போக, உங்கள் கணக்கில் சுமார் 850 டாலர் வரும். நீங்கள் டெக்சாஸ்வாசிகளாகவே இருந்தாலும், அங்கே சம்பாதித்ததற்கு அங்கே தனியாக ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும்.

அதனால் கையெழுத்துப் போடும் முன் சம்பளத்தை உயர்த்தக் கேட்பதைவிட, தங்குமிடத்தைக் கேளுங்கள். இரண்டாயிரம் டாலர் கூடுதலாகத் தர யோசிக்கும் கிளப், ஆட்டக்காரர்களுக்கு எடுத்த வீடுகளில் ஓர் அறையை ஒதுக்க அவ்வளவு யோசிக்காது. ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது, நடுவில் நீக்கினால் மீதிச் சம்பளம் உண்டா, 401(கே) ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டத்தில் கிளப் போடும் பங்கு எத்தனை ஆண்டு கழித்து முழுதாக அவருடையதாகும் என்பதையும் கேளுங்கள். கோச்சுகளுக்குப் பெரும்பாலும் ஓராண்டு ஒப்பந்தம்தான். முழு உரிமை வர மூன்றாண்டு ஆகும் என்றால், அந்தப் பங்கை உங்கள் சேமிப்பாக இப்போதே எண்ணாதீர்கள்.

இதையெல்லாம்விட அவசரமானது அந்த 40,000 டாலர். இந்தப் படிப்புத் திட்டத்தில், ஆட்டத்தை விட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் வகுப்பைத் தொடங்கியாக வேண்டும். உங்களுக்கு அது 2027 ஆகஸ்ட். தவறினால் உரிமை போய்விடும். ரொக்கமாகவும் தர மாட்டார்கள். நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான். கோச்சாக அதே கிளப்பில் இருப்பதால் காலக்கெடு தள்ளிப்போகும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி வைத்துக்கொள்ளாதீர்கள். தொடங்கும் கெடு, இடையில் எத்தனை செமஸ்டர் விடலாம், செமஸ்டருக்கு எவ்வளவு உச்சவரம்பு என்ற மூன்றையும் கிளப்பிடம் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

அவருக்கு இன்னும் ஓராண்டுப் படிப்புதான் பாக்கி. பழைய கல்லூரியிலேயே ஆன்லைன் வகுப்பு இருந்தால் முதலில் அதைப் பாருங்கள்; வேறு கல்லூரிக்கு மாறினால் பழைய கிரெடிட்டுகளில் சில செல்லாமல் போகலாம். ரூக்கி லீக் ஆட்டங்கள் மே முதல் ஜூலை வரை. அந்த மாதங்களில் பாடம் எடுக்க வேண்டாம். காலை ஆறு மணிக்கே மைதானத்துக்குப் போகிறவர் இரவில் புத்தகத்தைத் திறக்க மாட்டார். அக்டோபரில் தொடங்கும் எட்டு வாரப் பருவம் பல கல்லூரிகளில் உண்டு. அதில் இரண்டு பாடம் எடுத்தால் தாராளமாக முடிக்கலாம்.

இந்த 40,000 டாலர் வரியில்லாத உதவித்தொகை அல்ல, வருமானமாகச் சேரும். உங்கள் இருவர் சம்பளமும் சேர்ந்து 1,27,000. 2026-க்கான நிலையான கழிவு 32,200 போனால் 94,800. 12 சதவீத வரி 1,00,800 வரைதான். படிப்புப் பணம் சேர்ந்து அதைத் தாண்டினால், தாண்டும் பகுதிக்கு 22 சதவீதம். எனவே வகுப்பு தொடங்கும் ஆண்டில் உங்கள் சம்பளத்தில் வரிப் பிடித்தத்தைக் கொஞ்சம் கூட்டிவையுங்கள். கட்டிய கட்டணத்தில் 20 சதவீதம், அதிகபட்சம் 2,000 டாலர் வரை லைஃப்டைம் லேர்னிங் கிரெடிட் எனும் படிப்புக்கான வரிச்சலுகையாகத் திரும்பப் பெற வழியுண்டு. கட்டண ரசீதுகளை வரிக் கணக்காளரிடம் கொடுங்கள்.

பேட்டிங் கேஜ் பணம் வேண்டாம். உள்ளரங்கக் கேஜுக்குக் கூட்டம் நவம்பர் முதல் மார்ச் வரை. கோடையில் பிள்ளைகள் வெளியே ஆடப் போய்விடுவார்கள், வாடகையோ பன்னிரண்டு மாதமும் ஓடும். குத்தகையில் தனிப்பட்ட உத்தரவாதக் கையெழுத்து கேட்டால், போட்ட 15,000-உடன் நஷ்டம் நிற்காது. அதோடு, வாடிக்கையாளர்கள் தேடி வருவது உங்கள் கணவருக்காக; அவரோ பிப்ரவரி முதல் அரிசோனாவில் இருப்பார்.

கேஜை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துப் பயிற்சி கொடுக்கட்டும். மணிக்கு 60 டாலர், வாரம் 10 மணி, 12 வாரம் என்றால் 7,200. கேஜ் வாடகை மணிக்கு 20 என்றால் 2,400 போய் 4,800 நிற்கும். சுயதொழில் வரி சுமார் 680, வருமான வரி அதற்கு மேல். எனவே 1,300 டாலரைத் தொடாமல் வையுங்கள். ஆட்டக்காரராகச் சொந்தக் காசில் வாங்கிய மிட்டுக்கும் (கேட்சரின் கையுறை) மட்டைக்கும் 2018 முதல் கூட்டாட்சி வரியில் கழிவு கிடையாது. ஆனால் இந்தப் பயிற்சித் தொழிலுக்காக வாங்கும் பந்து, வலை, பாதுகாப்புத் திரை எல்லாவற்றையும் ஷெட்யூல் சி எனும் சுயதொழில் வரிப் படிவத்தில் செலவாகக் காட்டலாம். வெளிவேலைக்குக் கிளப்பின் அனுமதி வேண்டுமா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். பொறுப்புக் காப்பீடு இல்லாமல் ஒரு பையனைக்கூட மட்டை பிடிக்க விடாதீர்கள்.

22,000 சேமிப்பில் 15,000-ஐ அவசரத்துக்கு ஒதுக்குங்கள். மீதியில் 5,000 டாலரை அவர் பெயரில் ராத் ஐஆர்ஏ எனும் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில் போடலாம். 2026-க்கு வரம்பு 7,500. போட்ட அசலை எப்போது வேண்டுமானாலும் வரியோ அபராதமோ இல்லாமல் எடுக்கலாம் என்பதால், ஓராண்டு ஒப்பந்தத்தில் வேலை செய்கிறவருக்கு இது தோதானது.

வேலையை ஏற்கலாம், ஆனால் இரண்டு சீசன் என்று எல்லை வைத்துக்கொண்டு. மேஜர் லீக்கில் ஒருநாள்கூட ஆடாத கேட்சர் பிரையன் ஸ்னிட்கர், மைனர் லீக் கோச்சாகத் தொடங்கி 2016-இல் மேஜர் லீக் அணியான அட்லாண்டா பிரேவ்ஸின் மேனேஜராகி (தலைமைப் பயிற்சியாளர்), 2021-இல் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸை வென்றார். மேனேஜர் ஆனபோது அவருக்கு வயது 60! குடும்ப பட்ஜெட்டை அந்த நம்பிக்கையில் போட முடியாது. இரண்டு சீசனில் மேல்மட்ட அணிக்கு நகர்த்தவில்லை என்றால் பள்ளிக்கூடத்தில் கோச் வேலையைப் பார்க்க வேண்டும். டெக்சாஸ் அரசுப் பள்ளிகளில் கோச் வேலை பெரும்பாலும் ஆசிரியர் வேலையோடு சேர்ந்தே வரும். அதற்குப் பட்டம் வேண்டும். ரூக்கி அணியில் டொமினிகன், வெனிசுவேலா பையன்கள் நிறைய இருப்பார்கள். பாக்கியுள்ள பாடங்களில் ஸ்பானிஷ் எடுக்க இடமிருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். அடுத்த ஒப்பந்தத்தில் பேரம் பேச அது உதவும்.