வாசகர் கேள்விகள்: தார் பாலைவனத்தில் எங்கே நிற்கலாம்?

டிசம்பர் கடைசியில் அப்பா அம்மாவோடு ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேருக்குக் காரில் போகிறோம். வழியில் பார்க்க ஒன்றுமில்லை, ஐந்து மணி நேரத்தில் நேரே கொண்டுபோய் விட்டுவிடுகிறேன் என்கிறார் டிரைவர். சரிதானா?
(திருச்சி வாசகி)

சரியில்லை. நேரே போனால் ஜெய்சல்மேரில் இறங்கி, சாம் மணல்மேட்டில் ஒட்டகச் சவாரி செய்துவிட்டு, பாலைவனம் என்றால் மணல் என்ற எண்ணத்தோடு ஊர் திரும்புவீர்கள். தாரில் அப்படிப்பட்ட மணல்மேடுகளைவிடப் புதர்க்காடும், கல்தரையும், கம்பு விளையும் வயல்களும்தான் வழியெல்லாம் வரும். மழை அவ்வளவு குறைவான இடத்தில் இத்தனை பேர் எப்படி வாழ்கிறார்கள் என்பதுதான் அங்கே பார்க்க வேண்டிய விஷயம், அதற்கு வண்டியை நிறுத்தினால்தான் முடியும்.

டிரைவரிடம் ஓசியான், பலோதி வழியாகப் போகச் சொல்லுங்கள். ஜோத்பூரிலிருந்து சுமார் 65 கிலோமீட்டரில் ஓசியான். எட்டாம் நூற்றாண்டிலிருந்து கட்டப்பட்ட கோயில்கள் அங்கே இருக்கின்றன, இந்துக் கோயில்களும் சமணக் கோயிலும் ஒரே ஊரில். சச்சியா மாதா கோயிலுக்குப் படியேற வேண்டும், அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் கீழே உள்ள மகாவீரர் கோயிலே போதும். அந்தத் தூண்களுக்கே ஒரு மணி நேரம் ஆகும். மதியச் சாப்பாட்டுக்குக் கம்பு ரொட்டியும் கேர் சாங்ரி என்ற கறியும் கேட்டு வாங்குங்கள். சாங்ரி வேறொன்றுமில்லை, விருத்தாசலத்தில் தலமரமாக இருக்கிறதே வன்னி, அதன் காய்தான். அங்கே பஞ்ச காலத்திலும் கைவிடாத மரம் அது.

இரவு பலோதியில் தங்கிவிடுங்கள். 2016 மே 19 அன்று 51 டிகிரி வெயில் பதிவான ஊர் இது, ஆனால் டிசம்பரில் கம்பளி இல்லாமல் தூங்க முடியாது. இங்கே தங்கச் சொல்வது பக்கத்தில் இருக்கும் கீச்சன் கிராமத்துக்காக. மங்கோலியா, மத்திய ஆசியாப் பக்கமிருந்து ஆயிரக்கணக்கான நாரைகள், அந்த ஊர்க்காரர்கள் குர்ஜா என்று சொல்கிறார்கள், குளிர்காலம் முழுக்க இங்கேதான் இருக்கும். கிராம மக்கள் வேலி போட்ட ஒரு இடத்தில் தினமும் தானியம் தூவி வைக்கிறார்கள். விடிந்த கொஞ்ச நேரத்தில் வானம் முழுக்கச் சத்தத்தோடு வந்து இறங்கும், அப்புறம் குளக்கரைக்குப் போய்விடும். சாவகாசமாகப் போனால் பாதி போய்விட்டிருக்கும். 2025இல் கீச்சன் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்துவிட்டது, இனிமேல் கூட்டம் கூடும். தயவுசெய்து ட்ரோன் எடுத்துப் போகாதீர்கள், பறவைகளைக் கிளப்பிவிட்டுப் படம் எடுக்காதீர்கள். அந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகத் தீனி போட்டுச் சம்பாதித்த நம்பிக்கை அது.

பிறகு பொக்ரான். 1974லும் 1998லும் அணுகுண்டு சோதனை நடந்த இடத்துக்கு நம்மை விடமாட்டார்கள், அதைக் கேட்டு அலைய வேண்டாம். ராமேஸ்வரத்துக் கலாமும் சென்னையில் பிறந்த அணு விஞ்ஞானி ஆர். சிதம்பரமும் 1998 சோதனைக்காக ராணுவ உடையில் நடமாடியது இந்தப் பகுதியில்தான் என்று அப்பாவிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார். ஊருக்குள் சம்சம் இனிப்பு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் மாலைக்குள் ஜெய்சல்மேர்.

ஜெய்சல்மேரில் கோட்டைக்குள்ளேயே தங்கலாமா? குல்தாராவில் பேய் இருக்கிறதாமே?
(சேலம் வாசகர்)

கோட்டைக்குள் தங்காதீர்கள். 1156இல் ராவல் ஜெய்சல் கட்டத் தொடங்கிய அந்தக் கோட்டையில் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். குடத்தில் தண்ணீர் சுமந்து வாழ்ந்த காலத்துக்கு ஏற்ற கட்டுமானம் அது. குழாய் வந்து, விடுதிகளும் பெருகிய பிறகு கழிவுநீர் குன்றின் அடியில் இறங்கி, மதிலின் சில பகுதிகளே சரிந்திருக்கின்றன. நாம் குளிக்கும் தண்ணீரும் அங்கேதான் போகும். வெளியே தங்கி, காலையில் நடந்து ஏறிப் பாருங்கள்.

ஜெய்சல்மேருக்குப் பக்கத்தில் மக்கள் விட்டுப்போன கிராமம் குல்தாரா, அங்கே பேய்க்காகப் போகாதீர்கள். அங்கே வாழ்ந்த பாலிவால் பிராமணர்கள் தண்ணீர் சேர்ப்பதில் கெட்டிக்காரர்கள். சரிவின் தாழ்ந்த பக்கத்தில் நீளமாக மண்கரை போட்டு, கல்தரையிலிருந்து வழிந்து வரும் மழைநீரைத் தேக்குவார்கள். நீர் ஊறி வற்றியதும் அந்த ஈரத்திலேயே கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைப்பார்கள். கதீன் என்று பெயர், அந்தப் பகுதியில் இன்றும் இப்படி விதைக்கிறார்கள். ஏரிக்கரை பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சட்டென்று புரியும். வழிகாட்டியிடம் பேய்க்கதையை நிறுத்தச் சொல்லி, கதீன் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.

தனோட், லோங்கேவாலா இரண்டையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா?
(நாகர்கோவில் வாசகர்)

முடியும், விடிகாலையில் கிளம்பினால். ஜெய்சல்மேரிலிருந்து தனோட் சுமார் 120 கிலோமீட்டர். ராம்கட்டில் பெட்ரோல் நிரப்பிவிடுங்கள், தண்ணீர் நிறைய வைத்துக்கொள்ளுங்கள், செல்போன் சிக்னலை நம்ப வேண்டாம். தனோட் மாதா கோயிலை எல்லைப் பாதுகாப்புப் படையினர் நடத்துகிறார்கள், 1965 போரில் விழுந்து வெடிக்காத குண்டுகளைப் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டி எல்லைவரை போக அனுமதி வேண்டும், அடையாள அட்டை கையில் இருக்கட்டும். லோங்கேவாலாவில் 1971 டிசம்பர் 4 இரவு மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரியும் சுமார் 120 வீரர்களும் பாகிஸ்தானின் டாங்கிப் படையை விடியும்வரை தடுத்து நின்ற இடத்தைப் பார்க்கலாம். திரும்பும்போது இருட்டுவதற்குள் ராம்கட்டைத் தாண்டிவிடுங்கள், இரவில் மாடும் ஒட்டகமும் சாலையிலேயே நிற்கும்.