மறைத்து வாழ்வது மறுதலிப்பதா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் இயேசுவை விசுவாசிப்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் அடி உதையோடு நிற்காது, உயிருக்கே ஆபத்து. ஆராதனைக்குப் போக வழியில்லை, எல்லோரும் தூங்கிய பிறகு மனதுக்குள் ஜெபிக்கிறேன். தெரிந்த விசுவாசி அண்ணன் ஒருவர், "நீ கிறிஸ்துவை மறுதலிக்கிறாய்" என்கிறார். உண்மையா?
– பெயர் வேண்டாம் என்ற சகோதரி

பதில்: இல்லை சகோதரி. அந்த அண்ணன், மனிதர் முன் என்னை மறுதலிக்கிறவனை நானும் மறுதலிப்பேன் என்ற மத்தேயு 10:33-ஐ மனதில் வைத்துப் பேசுகிறார், சரி, ஆனால் அதே அதிகாரத்தில் பத்து வசனம் மேலே போய்ப் பார்க்கச் சொல்லுங்கள், ஒரு ஊரில் துன்பப்படுத்தினால் இன்னொரு ஊருக்கு ஓடிவிடுங்கள் என்று இயேசுவே சொல்லியிருக்கிறார். பவுல் தமஸ்குவில் கூடைக்குள் உட்கார்ந்து மதில் வழியாக இறங்கித் தப்பியவர்தான். சீரியப் படைத்தலைவன் நாகமானையும் பாருங்கள் (2 இராஜாக்கள் 5). இனி கர்த்தருக்கு மட்டுமே பலியிடுவேன் என்று சொல்லிவிட்டு, ஆனால் ராஜா ரிம்மோன் என்ற தெய்வத்தின் கோவிலில் என் கையில் சாய்ந்து பணியும்போது நானும் குனிய வேண்டிவருமே, மன்னிப்பாரா என்று தயங்கித் தயங்கிக் கேட்கிறான். தீர்க்கதரிசி எலிசா பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. சமாதானத்தோடு போ என்று அனுப்பிவிட்டார்.

இன்னொன்று. 2-ஆம் நூற்றாண்டில் சிமிர்னா (இன்றைய துருக்கியில் உள்ள ஊர்) சபையின் பேராயர் பாலிகார்ப் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டதைப் பற்றி அந்தச் சபையார் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. அதில் குயிந்து என்று ஒருவர் வருகிறார். தானாகவே போய்ப் பிடிபட்டு, மற்றவர்களையும் வரச்சொல்லித் தூண்டியவர், தன்மேல் ஏவிவிடப்போகும் மிருகங்களைப் பார்த்ததும் நடுங்கிப்போய் ரோமத் தெய்வங்களுக்குப் பலி செலுத்திவிட்டார். பாலிகார்ப்போ நண்பர்கள் சொல்கேட்டு ஊருக்கு வெளியே ஒளிந்திருந்தார், பிடிபட்ட பிறகுதான் உறுதியாக நின்றார். தானாகப் போய் மாட்டிக்கொள்பவரை நாங்கள் மெச்சுவதில்லை என்று அந்தக் கடிதமே சொல்கிறது. வீரவசனம் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஆபத்து இல்லாத இடத்திலிருந்துதான் பேசுகிறார்கள், இது என் கணிப்பு.

நம்பகமான ஒரே ஒருவரிடமாவது விஷயத்தைச் சொல்லி வையுங்கள், அடி விழும் நிலை வந்தால் எங்கே போவது என்பதையும் இப்போதே யோசித்துவிடுங்கள்.

கேள்வி: மிரட்டலுக்குப் பயந்து, இனி கிறிஸ்தவன் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பிள்ளைகளை நினைத்துத்தான் போட்டேன். இனி ஜெபிக்கவே வாய் வரவில்லை. எனக்குத் திரும்ப வழி உண்டா?

பதில்: உண்டு. உங்களைப் போன்றவர்களை என்ன செய்வது என்று சபை தலையைப் பிய்த்துக்கொண்டது கி.பி. 250-இல். ரோமப் பேரரசன் டேசியஸ், எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று ஆணை போட்டான். எகிப்தில் அந்தப் பாப்பிரஸ் சான்றிதழ்களே கிடைத்திருக்கின்றன. விசுவாசிகள் ஏராளமானோர் பலியிட்டார்கள், சிலர் பலியிடாமல் காசு கொடுத்துச் சீட்டு மட்டும் வாங்கினார்கள். உபத்திரவம் ஓய்ந்ததும் இவர்கள் எல்லோரும் திரும்பி வந்து சபை வாசலில் நின்றார்கள். நோவேஷியன் என்பவர் சேர்க்கவே கூடாது என்று பிடிவாதம் பிடித்துத் தனிச்சபையாகப் பிரிந்தார். வட ஆப்பிரிக்காவில் கார்த்தேஜின் பேராயர் சிப்ரியன் தலைமையில் 251-இல் கூடியவர்களோ, சீட்டு வாங்கியவர்களை விசாரித்துச் சேர்த்துக்கொள்ளலாம், பலியிட்டவர்கள் நீண்டகாலம் மனந்திரும்புதலில் இருக்கட்டும் என்று முடிவெடுத்தார்கள், பிறகு அடுத்த உபத்திரவம் நெருங்குகிறது என்றதும் அவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்தச் சிப்ரியனே 250-இல் ஒளிந்திருந்து, அதற்காக ஏச்சும் வாங்கி, 258-இல் இரத்தசாட்சியானவர்.

பேதுருவை நான் சொல்லாமலே நினைத்திருப்பீர்கள். மூன்று முறை மறுதலித்தவரிடம்தான் இயேசு மூன்று முறை என்னை நேசிக்கிறாயா என்று கேட்டு ஆடுகளை ஒப்படைத்தார். கையெழுத்தை இன்றே பகிரங்கமாக வாபஸ் வாங்க வேண்டுமா என்று அவசரப்படாதீர்கள், பிள்ளைகளின் பாதுகாப்பும் உங்கள் பொறுப்புதான். ஜெபம் வரவில்லையென்றால் ஒரு சங்கீதத்தை அப்படியே வாசியுங்கள், 130 நல்லது.

கேள்வி: வேதாகமம் வைத்திருக்க முடியாது, போதகர் கிடையாது. விசுவாசம் எத்தனை நாள் தாங்கும்?

பதில்: ஜப்பானில் 200 ஆண்டுகளுக்கு மேல் தாங்கியது. 1614-இல் கிறிஸ்தவத்துக்குத் தடை வந்தது, 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் பாதிரியாரே இல்லாமல் போனார்கள். நாகசாகிப் பகுதியில் ஆண்டுதோறும் கிறிஸ்துவின் அல்லது மரியாளின் உருவத்தை மிதிக்கச் சொல்லி, யார் கிறிஸ்தவர் என்று அதிகாரிகள் சோதிப்பார்கள். மறைவில் இருந்த விசுவாசிகள் மிதித்துவிட்டு வீட்டுக்கு வந்து பாவத்துக்கு மனம் வருந்தும் ஜெபத்தைச் சொன்னார்கள். கிராமத்தில் ஒருவர் பண்டிகை நாட்களைக் கணக்கு வைப்பார், இன்னொருவர் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பார். ஜெபங்கள் மனப்பாடம்தான், வாய்வழியே வந்ததால் சில சொற்கள் சிதைந்து அர்த்தம் தெரியாமலும் போயின. 1865 மார்ச் 17-இல் நாகசாகியின் ஓவுரா ஆலயத்துக்கு, பக்கத்து உராகாமி கிராமத்தின் மறைவான விசுவாசிகள் சிலர் வந்து, பிரெஞ்சுப் பாதிரியார் பெத்திஜானிடம், எங்கள் மனதும் உங்கள் மனதும் ஒன்றுதான் என்று ரகசியமாகச் சொன்னார்கள். அதோடு கஷ்டம் தீரவில்லை, அடுத்த சில ஆண்டுகளில் 3,000-க்கும் மேற்பட்டவர்களை நாடு கடத்துவதுபோல் வெவ்வேறு பகுதிகளுக்குச் சிதறடித்தார்கள், பலர் அங்கேயே இறந்தார்கள், 1873-இல்தான் கிறிஸ்தவத்துக்குத் தடை என்று அறிவித்த பலகைகள் அகற்றப்பட்டன. ஆகவே இப்போதே ஐந்தாறு பகுதிகளை மனப்பாடம் செய்துவிடுங்கள், கூட ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தனியாக மட்டும் இருக்காதீர்கள்.

கேள்வி: அடித்தவர்கள் மேல் வழக்குப் போடுவது விசுவாசக் குறைவா?

பதில்: பவுல் சாட்டையடிக்கு முன்பு தன் ரோமக் குடியுரிமையைச் சொன்னார், பிறகு இராயனிடமே, அதாவது ரோமப் பேரரசனிடமே, மேல்முறையீடு செய்தார். வழக்கறிஞரைப் பாருங்கள்.