குவைத் வேலைக்குப் போகவா, வேண்டாமா? ஜெபித்தும் பதில் வரவில்லையே

கேள்வி: நான் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். குவைத்தில் வேலை அமைந்திருக்கிறது. ஏஜென்ட் மூன்றரை லட்சம் கேட்கிறார், மாதக் கடைசிக்குள் முடிவு சொல்லச் சொல்கிறார். பையன் ஒன்றாம் வகுப்பு, மாமியாருக்கு உடம்புக்கு முடியாது. கணவர் "உன் இஷ்டம்" என்கிறார். உபவாசம் இருந்து ஜெபித்தும் தேவன் ஒன்றும் பேசவில்லை. ஒரு சபை ஊழியர் "கதவு திறந்தாச்சு, போ" என்று தீர்க்கதரிசனம் சொன்னார். பைபிள் வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையிலோ "தேசத்தில் குடியிருந்து சத்தியத்தை மேய்ந்துகொள்" என்று வந்தது. இப்போது ஜெபிக்க உட்கார்ந்தாலே மனசு எங்கெங்கோ ஓடுகிறது. என்ன செய்யட்டும்?

பதில்: சகோதரி, முதலில் அந்த அட்டையை பைபிளுக்குள் வைத்து மூடிவிடுங்கள். அது சங்கீதம் 37:3. பொல்லாதவன் செழிக்கிறதைப் பார்த்து எரிச்சலடையாதே என்று சொல்கிற சங்கீதம் அது, விசாவைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. புத்தாண்டு ஆராதனையில் அட்டை எடுக்கிற வழக்கம் எனக்கும் உண்டு, ஆறுதலுக்கு நல்லது, ஆனால் குடும்பத்தின் அடுத்த ஐந்து வருஷத்தை அதை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது. ஊழியர் சொன்னதைத் தூக்கி எறியவும் வேண்டாம், அப்படியே விழுங்கவும் வேண்டாம். தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள் என்று எழுதிய அதே பவுல் அடுத்த வரியிலேயே எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கச் சொல்கிறார் (1 தெசலோனிக்கேயர் 5:20-21). மூன்றரை லட்சம் கணக்கும் மாமியாரின் நிலைமையும் அந்த ஊழியருக்குத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் இத்தனை நாளும் கேட்டது ஒரு விடை. போகலாமா, வேண்டாமா, ஒரு வார்த்தை போதும் என்று கேட்டிருக்கிறீர்கள். யாக்கோபு 1:5 கேட்கச் சொல்வது ஞானத்தை. ஞானம் கேட்டவனுக்கு வானத்திலிருந்து குரல் வரும் என்று அங்கே எழுதவில்லை, கண்முன் கிடக்கிற காரியத்தைப் பயமும் ஆசையும் மறைக்காமல் பார்க்கிற தெளிவு வரும், அதுவும் பெரும்பாலும் விசாரிக்க விசாரிக்கத்தான் வரும். தேவன் "ஒருவரையும் கடிந்துகொள்ளாதவர்" என்றும் அதே வசனம் சொல்கிறது. அதனால் நூறாவது தடவை கேட்கிறோமே என்று கூச்சப்பட வேண்டியதில்லை. அடுத்த வசனத்தில் வரும் "சந்தேகப்படுகிறவன்" பலரைப் பயமுறுத்துகிறது. எனக்குப் புரிந்தவரை அது மனசு அலைகிறவரைக் குறித்தது அல்ல, ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டு ஒப்புக்குக் கேட்கிறவனைக் குறித்தது. நீங்கள் அப்படியா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

பைபிளில் நெகேமியா புத்தகத்தின் முதல் இரண்டு அதிகாரங்களை இந்த வாரம் மெதுவாக வாசியுங்கள். நெகேமியா சூசான் அரண்மனையில் ராஜாவுக்குப் பானம் கொடுக்கிறவன், எருசலேமின் அலங்கம், அதாவது மதில், இடிந்து கிடக்கிற செய்தி கிஸ்லேவு மாதத்தில் வருகிறது, அழுது உபவாசித்து ஜெபிக்கிறான், ராஜா அவனிடம் "நீ கேட்கிற காரியம் என்ன" என்று கேட்பதோ நிசான் மாதத்தில்தான். கிட்டத்தட்ட நாலு மாதம். ராஜா கேட்ட அந்த நிமிஷத்தில் ஒரு சின்ன ஜெபம், உடனே வாய் திறந்து எத்தனை நாள் விடுப்பு, நதிக்கு அப்புறத்து அதிபதிகளுக்குக் கடிதம், வாசல்களுக்கு மரம் தர வனத்துக் காவலாளன் ஆசாப்புக்கு இன்னொரு கடிதம் என்று அடுக்குகிறான். இதெல்லாம் அந்த நொடியில் தோன்றியதாக நினைக்கிறீர்களா? ஜெபித்த மாதங்களிலேயே அவன் கணக்கும் போட்டிருக்கிறான். எருசலேமுக்குப் போன பிறகும் மூன்று நாள் இருந்துவிட்டு, ராத்திரியில் ஒருத்தரிடமும் சொல்லாமல் அலங்கத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் ஜனங்களிடம் பேசுகிறான்.

உங்கள் அலங்கத்தைப் பார்ப்போம். இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜென்ட் வேலைக்குப் போகிறவரிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும்தான். மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் அவர் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று யாரும் பார்க்கலாம். மூன்றரை லட்சம் கேட்கிறார் என்றால் இதற்கு உபவாசமே தேவையில்லை சகோதரி, இந்த ஏஜென்ட் வழியாகப் போக வேண்டாம். வெளிநாட்டு வேலையே வேண்டாமா என்பது வேறு கேள்வி. தமிழக அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனமும் நர்ஸ்களை அனுப்புகிறது, அங்கே விசாரியுங்கள்.

அப்புறம் அந்த "உன் இஷ்டம்". உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அதுதான். அது சம்மதமா, கோபமா, இயலாமையா? பையனைப் பள்ளிக்கு யார் கூட்டிப் போவார், மாமியாருக்கு ராத்திரி மூச்சு வாங்கினால் யார் எழுந்திருப்பார் என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பேசாதவரை எந்த முடிவும் முடிவல்ல. பரத்திலிருந்து வருகிற ஞானத்துக்கு யாக்கோபு 3:17-இல் ஒரு பட்டியல் இருக்கிறது: சுத்தம், சமாதானம், சாந்தம், இணக்கம், இரக்கம். "தேவன் சொல்லிவிட்டார்" என்று வீட்டில் ஒருவர் வாயை அடைக்கிற முடிவு இதில் எங்கே நிற்கும்?

இனி ஜெபம். நைட் டியூட்டி பார்க்கிறவர் அதிகாலை நாலு மணிக்கு எழுந்தால்தான் ஜெபம் என்று யாரும் சட்டம் போடவில்லை. டியூட்டி முடிந்து வந்து, போனை வேறு அறையில் வைத்துவிட்டு, பத்து நிமிஷம் வாய்விட்டு ஜெபியுங்கள். வாய்விட்டுச் சொன்னால் மனசு ஓடுவது பாதி குறையும். ஓடினால் எங்கே ஓடியதோ அதையே ஜெபமாக்குங்கள். ஃபீஸ் ஞாபகம் வந்தால் ஃபீஸுக்காக. சொல்ல வார்த்தை வராத நாளில் சங்கீதம் 13-ஐ உரக்க வாசியுங்கள், ஆறே வசனம், "எதுவரைக்கும்" என்று தாவீது நாலு தடவை கேட்கிறார். ஒரு நோட்டில் அன்றைக்குக் கேட்டதைத் தேதியோடு ஒரு வரி எழுதுங்கள், ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் நீங்கள் கேட்கிற விதமே மாறியிருப்பது தெரியும்.

லூக்கா 18-இல் ஒரு நியாயாதிபதியிடம் நியாயம் கேட்டு விடாமல் தொந்தரவு செய்கிற விதவையைக் காட்டி, விடாமல் தட்டினால் தேவன் இறங்கித்தான் ஆக வேண்டும் என்று பிரசங்கிக்கிறவர்கள் உண்டு. அது எனக்கு உடன்பாடில்லை. சோர்ந்துபோகாமல் ஜெபிக்க வேண்டும் என்பதற்குத்தான் இயேசு அந்த உவமையைச் சொன்னார், ஆனால் அந்த நியாயாதிபதி அநீதியுள்ளவன், தேவன் அப்படிப்பட்டவர் அல்ல.

மாதக் கடைசி என்ற அவசரம் ஏஜென்ட் போட்டது. ஒப்பந்த நகலை எழுத்தில் கேளுங்கள்: சம்பளம், டியூட்டி நேரம், விடுப்பு, பாதியில் திரும்பினால் கட்ட வேண்டிய பணம். கொடுக்க மறுத்தால், அல்லது இன்றைக்கே முன்பணம் கட்டுங்கள் என்று நெருக்கினால், பாஸ்போர்ட்டைக் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.