தினமும் கொஞ்சம் கீறுவது எப்படி? கேள்வி பதில்

படம் கீறுவதை அன்றாடப் பழக்கமாக்குவது பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். கேட்டவர்களில் அநேகமானோர் கொழும்பில் இருப்பதால் நான் சொல்லும் இடங்களும் இங்கேதான்.

அக்கா, எனக்குக் கோட்டையில் வேலை. தெஹிவளையில் வீடு. ரயிலில் வந்து சேர ஏழு மணி தாண்டிவிடும், சாப்பிட்டதும் கண்ணைச் சுழற்றும். எப்போது கீறுவது?

இரவை விட்டுவிடுங்கள் தம்பி. களைத்த உடம்போடு மல்லுக்கட்டினால் இரண்டு கிழமையில் வெறுத்துவிடும். பின்னேரம் கோட்டை நிலையத்தில் ரயிலுக்காக நிற்கிறீர்கள் அல்லவா, அந்தப் பத்து நிமிடம் போதும். மேடைக்கு வந்ததும் கொப்பியை வெளியே எடுங்கள். யோசிக்கவே வேண்டாம், எடுத்துவிடுங்கள். ஏற்கனவே தினமும் நடக்கிற ஒரு காரியத்தோடு முடிச்சுப் போட்டால்தான் புதுப் பழக்கம் ஒட்டும்.

ரயிலுக்குள் வேண்டாம், அந்த நேரத்தில் கால் வைக்கவே இடம் இருக்காது. மேடையில் நிற்பவர்கள் போனைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நிற்பார்கள். முகத்தைத் தொடாதீர்கள். காதிலிருந்து தோளுக்கு இறங்கும் கோடு, உடம்பின் பாரம் எந்தக் காலில் நிற்கிறது, தோள்பையின் வார் சட்டையை எங்கே இழுத்து மடிக்கிறது, இந்த மூன்றும் தாளில் விழுந்தால் ஆள் நிற்பது தெரியும். பாதியில் ரயில் வந்தால் ஏறிவிடுங்கள். பாதிப் படமும் அன்றைய படம்தான்.

21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்களே?

அந்தக் கணக்கு 1960இல் ஓர் அமெரிக்கப் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர் எழுதியதிலிருந்து பரவியது. சிகிச்சைக்குப் பிறகு தங்கள் புது முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாள் பிடிக்கிறது என்றுதான் அவர் கவனித்திருந்தார். பின்னால் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரை 12 வாரம் பின்தொடர்ந்தார்கள். சாப்பாடு, தண்ணீர் குடிப்பது, உடற்பயிற்சி என்று ஆளுக்கொரு புதுப் பழக்கம். அது தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆகும் என்று கண்டார்கள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம் இருந்தது. இடையில் ஒரு நாள் தவறினால் பெரிய பாதிப்பில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. ஆகவே 22ஆம் நாளும் கஷ்டமாக இருந்தால் உங்களில் குறை இல்லை.

ஒரு கிழமை விட்டுப்போய்விட்டது. சேர்த்துக் கீறி ஈடு செய்யலாமா?

வேண்டாம். இன்றைக்கு ஒன்று கீறுங்கள், அவ்வளவுதான்.

என்ன பென்சில், என்ன கொப்பி வாங்குவது?

ஒரு 2பி, ஒரு 4பி பென்சில், வீட்டில் கிடக்கும் குமிழ்முனைப் பேனை. கொப்பிக்குப் பாடசாலைப் பிள்ளைகள் எழுதும் சீ.ஆர். கொப்பியே தாராளம். விலை கூடிய கொப்பியில் முதல் பக்கத்தைக் கெடுக்கப் பயந்து மாதக்கணக்கில் வைத்திருப்பவர்கள் ஏராளம். 4பி கொழும்பு வியர்வையில் கைபட்டு அப்பிக்கொள்ளும், கைக்கடியில் ஒரு தாள்துண்டை வையுங்கள். வர்ணம் தீட்டும் ஆசை வந்த பிறகு தடித்த 300 கிராம் (300 gsm) தாள் வாங்கலாம், மெல்லிய தாள் ஈரத்தில் அலைபாயும்.

என்ன கீறுவது என்று யோசித்தே நேரம் போகிறது.

இதுதான் அதிகம் பேர் கேட்டது. என் பதில்: ஒரு கிழமைக்கு ஒரே பொருள். ஏழு நாளும் அதுவேதான்.

தேத்தண்ணிக் கோப்பையை எடுங்கள். முதல் நாள் நம் எல்லோருக்கும் ஒரே மாதிரித்தான் வரும்: வாய் நீள்வட்டமாக, அதன் இரண்டு ஓரமும் கூராக, அடி நேர்கோடாக. இரண்டாம் நாள் ஓரத்தை உற்றுப் பாருங்கள். கூர் எங்கேயும் இல்லை, மிக ஒடுங்கியிருந்தாலும் வளைந்துதான் திரும்புகிறது. மூன்றாம் நாள் அடியைப் பாருங்கள். மேலிருந்து பார்க்கும்போது கண் மட்டத்துக்கு எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவுக்கு வட்டம் விரியும். அதனால் அடியின் வளைவு வாயின் வளைவைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். நாலாம் நாள் கைப்பிடியைக் கீறாமல், கைப்பிடிக்கும் கோப்பைக்கும் நடுவில் இருக்கும் ஓட்டையின் வடிவத்தை மட்டும் கீறுங்கள். கைப்பிடி தானாக வந்து நிற்கும். கிழமை முடியும்போது கை திருந்தியிருக்கிறதோ இல்லையோ, கண் நிச்சயம் திருந்தியிருக்கும். அடுத்த கிழமைக்குச் செருப்பு, பிறகு தேங்காய்த் திருவலை.

புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிவாசலைக் கீறித் தொடங்க ஆசை என்று ஒருவர் எழுதியிருந்தார், அவருக்கும் என் பதில் இதுதான். அந்தச் சிவப்பு வெள்ளைப் பட்டிகளுக்குள் இறங்கினால் முதல் நாளே மலைத்துப்போவீர்கள். ஒரு யன்னலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வெளியில் நின்று கீறினால் ஆட்கள் சுற்றிவந்து பார்க்கிறார்கள், கூச்சமாக இருக்கிறது.

சுவரில் முதுகைக் கொடுத்து நில்லுங்கள் தங்கச்சி, பின்னால் யாரும் வர முடியாது. 1877இல் திறந்த தேசிய நூதனசாலைக்குள் போய்ப் பாருங்கள். அங்கே வருகிறவர்கள் சிலைகளைத்தான் பார்ப்பார்கள், சிலைகளும் அசையாது. வீதியில் பொலிஸ், இராணுவம் காவல் நிற்கும் கட்டடங்களைத் தவிர்ப்பது நல்லது, வீண் விசாரணை எதற்கு?

மற்றவர்களின் ஓவியத்தைப் பார்த்துக் கீறினால் பிழையா?

பிழையே இல்லை, யாருடையது என்று பக்கத்தில் எழுதிவிடுங்கள். 1943இல் கொழும்பில் தொடங்கிய '43 குழு என்ற ஓவியர் குழுவில் இருந்த மஞ்சுசிறி, பிக்குவாக இருந்த காலத்திலேயே விகாரைச் சுவரோவியங்களைப் பார்த்துப் பிரதி செய்தவர். பல பழைய சுவர்கள் எப்படி இருந்தன என்பதற்கு அவருடைய பிரதிகள் பெரிய சாட்சி. போன் திரையைவிட அசலைப் பாருங்கள். பொரளை கோதமி விகாரையில் ஜோர்ஜ் கீற் தீட்டிய சுவரோவியங்கள் இருக்கின்றன. ஒரு கை தோளிலிருந்து விரல் நுனி வரை ஒரே மூச்சில் இறங்கும் கோட்டை அங்கே பார்க்கலாம். அந்தக் கோட்டை மட்டும் எடுத்து வாருங்கள். பார்ன்ஸ் பிளேசில் ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு இப்போது சபுமல் நிறுவனம், '43 குழுவின் ஓவியங்கள் அங்கேயும் உண்டு.

உயர்தரம் உயிரியல் படிக்கிறேன். படம் கீறினால் அம்மா ஏசுகிறா.

செவ்வரத்தம்பூ ஒன்றைப் பிளேட்டால் நெடுக்காக வெட்டிக் கீறு பிள்ளை. மகரந்தக் கேசரங்கள் குழாயாக ஒட்டி, நடுவில் தம்பத்தைச் சுற்றி நிற்பதும் அடியில் சூலகமும் தெளிவாகத் தெரியும். பெயர்களையும் குறித்துவிடு. அம்மா அந்தப் பக்கத்துக்கு ஏச மாட்டா.

எனக்கு 68 வயது. கை நடுங்குகிறது.

பெரிய தாளாக எடுங்கள் ஐயா. மணிக்கட்டை விட்டுத் தோளிலிருந்து கையை அசையுங்கள், நடுக்கம் கோட்டில் குறைவாகத் தெரியும். தெரிந்தாலும் இருக்கட்டும், நடுங்கிய கோட்டிலும் உயிர் இருக்கும்.

தனியாகச் செய்யச் சலிப்பாக இருக்கிறது.

ஒரே ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அன்றன்றைய பக்கத்தை வாட்ஸ்அப்பில் மாறி மாறி அனுப்புங்கள். 'வடிவு' என்று மட்டும் பதில் போடக்கூடாது, எந்தக் கோடு பிடித்தது என்று சொல்ல வேண்டும். அப்புறம், 1993 முதல் ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் நடந்துவரும் கலா பொல என்ற திறந்தவெளி ஓவியச் சந்தைக்கு இருவருமாகப் போங்கள். ஓவியர்கள் தங்கள் படங்களுக்குப் பக்கத்திலேயே இருப்பார்கள். எந்த நேரத்தில் கீறுகிறீர்கள் என்று அவர்களிடமே கேட்கலாம்.